சுருளிப்பட்டி பன்னீர் திராட்சை: மேல் தோட்டம் 19 பிரிக்ஸ், கீழ்த் தோட்டம் ஏன் 15?

தம்பி, ஒரே கன்று, ஒரே உரம், ஆனாலும் கீழ்த் தோட்டத்துப் பழத்தில் பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) குறைவு என்று ஒயினுக்கு எடுக்க மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா மேல் குறை சொல்லாதீர்கள், வித்தியாசம் மண்ணில் இருக்கிறது.

மேலே சரளை கலந்த செம்மண். தண்ணீர் நிற்காது, கொடி அளவாக ஓடும், பழத்தில் சர்க்கரை ஏறும். கீழே கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுவடை நெருங்கியும் கொடி தழைத்துக்கொண்டே போகும், பந்தலுக்குள் வெயில் இறங்காது. சர்க்கரை எங்கிருந்து வரும்? 15 பிரிக்ஸ் சாறு புளித்தால் ஆல்கஹால் 8 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும், ஒயினுக்கு அது குறைவு.

அப்புறம், கவாத்து செய்யும், அதாவது கொடியை வெட்டிவிடும் மாதத்தையும் பாருங்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடியை உறங்க வைக்கும் குளிர் கிடையாது. கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். ஜூலையில் வெட்டினால் வடகிழக்குப் பருவமழையில் பழுக்கும். பழம் வெடிக்கும், அழுகும். கரிசல் துண்டில் மட்டுமாவது டிசம்பரில் வெட்டுங்கள், ஏப்ரல் வெயிலில் பழுக்கட்டும். பழம் நிறம் மாறியதும் குலையை மறைக்கும் இலைகளைக் கிள்ளுங்கள், அறுவடைக்கு முந்தைய கடைசி வாரம் தண்ணீரைக் குறையுங்கள். வடிகால் வாய்க்காலை இந்தக் கோடையிலேயே வெட்டிவிடுங்கள்.