அடைமழைக்குப் பிறகு பாசி வெளுக்கிறதே, உப்பு போடலாமா?

கேள்வி: மிதவையில் கப்பாபைகஸ் கடற்பாசி வளர்க்கிறேன். ஐந்து நாள் அடைமழைக்குப் பிறகு கிளைகள் ஆங்காங்கே வெளுத்து, தொட்டாலே ஒடிகின்றன. நீரில் உப்பு குறைந்ததால் இப்படி ஆகுமா? உப்பு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 'ஐஸ் ஐஸ்' எனப்படும் வெளுப்பு நோய்க்குப் பொருந்துகின்றன. ஆனால் திறந்த கடலில் உப்பைக் கொட்டுவது வீண் செலவு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கப்பாபைகஸுக்கு 28 முதல் 35 வரை நன்றாக ஒத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இறங்கினால் வெளிநீர் செல்லுக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும். பாசி தன்னிடமுள்ள உப்பை வெளியேற்றிச் சமாளிக்கப் பார்க்கும். வளர்வதற்கான சக்தியெல்லாம் இதற்கே போய்விடும். உப்பு 20க்கும் கீழே பல நாள் நின்றால் தாங்காது. அப்படிச் சோர்ந்த பாசியில்தான் பாக்டீரியா ஏறி வெளுப்பும் ஒடிவும் வருகின்றன. அதனால் மருந்து தேட வேண்டாம்.

மழைநீர் கடல்நீரை விட இலேசு. காற்றும் அலையும் அடங்கிய நாளில் அது மேலேயே தங்கும், உங்கள் மிதவை இருப்பதும் அங்கேதான். எனவே பாசி தொங்கும் ஆழத்து நீரைச் சோதியுங்கள். பாட்டில் வாயை விரலால் மூடி, அந்த ஆழத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தால் போதும். உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை முதலில் காய்ச்சி வடித்த நீர் விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிட்டுத் தப்புக் கணக்கோடு அலைகிறார்கள்.

உப்பு குறைவாகக் காட்டினால் கயிறுகளை ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்த்துங்கள். தரையில் உரசக்கூடாது. மழைக் கலங்கலில் கீழே வெளிச்சம் குறைவு என்பதால், அளவு தேறியதும் மறக்காமல் மேலே ஏற்றிவிடுங்கள். வெளுத்த பகுதிகளை, சேர்ந்த நல்ல பாகம் கொஞ்சம் உட்பட வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயே கடலில் போடாதீர்கள். பயிர் 45 நாளை நெருங்கியிருந்தால் நல்லதை இப்போதே அறுவடை செய்துவிடலாம். வெளுத்ததைச் சேர்த்துக் காயவைத்தால், இந்தப் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருளின் தரம் கெடும். விதைக்கு நோய் தொடாத குத்துகளை மட்டும் எடுங்கள்.

சரி, அளவு 30க்கு மேலேயே இருந்தால்? அப்போது உப்பைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சக் குறைவு, நீரோட்டம் இல்லாமை, கிளைகளில் படிந்த சேறு ஆகியவற்றைப் பாருங்கள். கயிற்றை உலுக்கிச் சேற்றை அகற்றினாலே பாதி தேறும்.

அப்புறம், மிதவை ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலா? அப்படியானால் ஒவ்வொரு மழைக்கும் இதே பாடுதான். அங்கே உப்பு ஏற்ற இறக்கத்தை அதிகம் தாங்கும் கிராசிலேரியா என்ற வேறொரு கடற்பாசியை முயன்று பாருங்கள்.