கண்டல் மரங்களில் கலப்பு: கேள்வி பதில்

கே (வந்தாறுமூலை மாணவி): சேர், மட்டக்களப்பு வாவிக்கரையில் இரண்டு றைசோபோரா (கண்டல்) இனங்களுக்கும் நடுவான தோற்றத்தில் ஒரு மரம் நிற்கிறது. கலப்புத்தானா?

ப: நல்ல கண் மகள். இரண்டு இனத்தில் ஒன்றான அபிகுலேட்டாவில் குட்டையான தடித்த காம்பில் இரண்டு பூ, இதழ் வழவழப்பு. மற்றதான முக்ரோனேட்டாவில் காம்பு நீளம், இதழோரத்தில் மயிர் அடர்த்தி. இவற்றின் கலப்பு தமிழ்நாட்டுப் பிச்சாவரத்தில் அண்ணாமலையானா என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆனால் தோற்றம் சந்தேகத்தைத்தான் தரும். உப்பும் வெயிலும் இலையை மாற்றிவிடும்.

உயிரணுவின் கருவிலுள்ள மைக்ரோசற்றலைற்றுகளை, அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டி டி.என்.ஏ. துண்டுகளைப் பாருங்கள். இரண்டு இனத்திலும் வெவ்வேறு எதிருரு (ஒரே இடத்தில் வரக்கூடிய மாற்று வடிவம்) உள்ள இடங்களாகத் தெரிவு செய்தால், முதல் தலைமுறைக் கலப்பில் அத்தனை இடத்திலும் இரண்டு எதிருருவும் சேர்ந்தே வரும். ஏறக்குறையப் பாதி இடங்களில் மட்டும் இரண்டும் வந்து, மற்ற இடங்களிலெல்லாம் ஒரே இனத்தின் எதிருருவே இருந்தால், கலப்பு மரம் பெற்றோர் இனத்தோடு திரும்பவும் கலந்திருக்கிறது. அப்படியென்றால் அது மலடில்லை. அது பெரிய செய்தி!

ஒன்று மட்டும்: ஒப்பிடுவதற்குத் தூய பெற்றோர் மரங்களின் மாதிரியை, மற்ற இனம் இல்லாத இடத்தில் முதலில் எடுங்கள்.

கே (வாழைச்சேனை): பச்சையவுருமணியின் (இலைக்குப் பச்சை தரும் நுண்ணுறுப்பு) டி.என்.ஏ. வரிசை மட்டும் போதுமா? செலவு குறைவு.

ப: போதாது. அது தாய்வழி வருவது, தாய் எந்த இனம் என்று மட்டும் சொல்லும். இரண்டு இனம் ஒரே வரிசையைப் பகிர்ந்தாலும் கலப்பு என்று எழுதிவிடாதீர்கள். பழைய பொது மூதாதையிடமிருந்தும் வந்திருக்கலாம்.

கே (கல்முனை): இலையிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. பிசுபிசுவென்று கறுத்து வருகிறது.

ப: முற்றிய இலையில் தனினும் (துவர்ப்புப் பொருள்) பசையும் அதிகம். இளம் இலையைப் பறித்த அன்றே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள், அரைக்கும்போது தனினைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. என்ற பொருளைச் சேருங்கள்.

கே (காத்தான்குடி): தோற்றத்தை வைத்தே சொல்ல முடியாதா?

ப: முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

கே (பொத்துவில்): கலப்பு மரம் வீரியமானதாம். நடலாமா?

இதற்கு ஓட்டமாவடி அன்பர் ஒருவர்: "2004 சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட முளைகளால்தான் (தாய் மரத்திலேயே முளைத்துத் தொங்கும் கன்றுகள்) இங்கே கலப்பே வந்தது. வெட்ட வேண்டும்."

ப: இரண்டு பேரும் பொறுங்கள். இரண்டு இனமும் இந்த வாவியின் சொந்த மரங்கள், பக்கத்தில் நின்றால் தாமாகவே கலக்கும். வெளி முளைதான் காரணமென்றால், வாவியின் பழைய மரங்களோடு எதிருருக்களை ஒப்பிட்டுக் காட்டுங்கள். மரம் 2004க்கு முந்தியது என்றால் அந்த வாதமே விழும். அதுவரை ஒரு கொப்பும் வெட்ட வேண்டாம். வெட்டிய மரத்தை மறுபடி பரிசோதிக்க ஏலாது.

நடுவதைக் கேட்டவருக்கு: றைசோபோராக் கலப்புகள் பெரும்பாலும் மலடு. முளை தொங்காத மரத்தில் எதை எடுத்து நடுவீர்கள்? காய்க்கும் காலத்தில் தோணியில் போய், அதன் கொப்புகளில் முளை தொங்குகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.