சீசன் பாஸ் வாங்கியும் ரேஸ் பார்க்க முடியவில்லையா?

ஃபார்முலா 1 சீசன் நடக்கும் மாதங்களில் வரும் கடிதங்களில் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நியாயமான கோபம்தான். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தவர்கள் இன்னும் வாழும் ஊர் நம்ம சென்னை. இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து டிராக் இருக்கிறது. ஃபார்முலா 1 ஓட்டிய கருண் சந்தோக் நம்ம ஊர்க்காரர். இப்படிப்பட்ட ஊரில் காசு கொடுத்து ரேஸ் பார்க்கிறவர்களுக்கு அது முழுசாகக் கிடைக்க வேண்டும். இந்த முறை அது சம்பந்தமான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரேஸ் பார்ப்பதற்காகவே கேபிளில் ஸ்போர்ட்ஸ் பேக் போட்டேன். இப்போது அந்தச் சேனலில் ரேஸே வருவதில்லை. கேபிள்காரரைக் கேட்டால், "சேனல்காரங்களைத்தான் கேட்கணும் சார்" என்கிறார். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
வாசகர், அம்பத்தூர்

கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். நீங்கள் வாங்கியது சேனலை. அதில் வரும் ஒரு நிகழ்ச்சியை அல்ல. சட்டம் இதை இப்படித்தான் பார்க்கிறது. ஒளிபரப்பு உரிமை சில வருடங்களுக்கு ஒருமுறை கை மாறும். ஃபார்முலா 1 பல வருடங்கள் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது. 2023-ல் அது நின்றது. ஃபார்முலா 1 நிறுவனம் தன் சொந்த எஃப்1 டிவி சேவையையே இங்கே நேரடியாக விற்கத் தொடங்கியது. 2024-ல் டிஜிட்டல் உரிமை ஃபேன்கோடு என்ற ஆப்புக்குப் போனது. கேபிளையே நம்பியிருந்த வீடுகளுக்கு இதை யாரும் தேடி வந்து சொல்லவில்லை. உங்கள் ஆதங்கம் அதில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இனிமேல் போகும் பணத்தை இன்றைக்கே நிறுத்தலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வேண்டிய சேனலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு சேனலின் விலையும் டிவியிலேயே தெரியும். பெரும்பாலான இணைப்புகளில் 999-ஆம் எண்ணில் விவரம் இருக்கும். பேக்கிலிருந்து ஒரு சேனலை மட்டும் கழிக்க முடியாது என்று கேபிள்காரர் சொன்னால் அது சரிதான். பேக்கையே எடுத்துவிட்டு, வீட்டில் உண்மையாகவே பார்க்கிற சேனல்களைத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் கூட்டிப் பாருங்கள். சில வீடுகளில் தனித்தனியாக எடுத்தால் பேக்கைவிட அதிகமாகிவிடும்.

சேனலே நின்றுபோனால் கதை வேறு. அந்தச் சேனலுக்கான தொகையைக் குறைத்துத்தான் வாங்க வேண்டும். அதேபோல், உரிமை கைமாறிய பிறகும் ரேஸ் படத்தைப் போட்டு பேக் விற்றிருந்தால் அது தவறான விளம்பரம். நோட்டீஸோ எஸ்எம்எஸ்ஸோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள், அடுத்த பதிலில் சொல்லும் வழியில் புகார் செய்யலாம்.

ஒரு ஆப்பில் சீசன் பாஸ் வாங்கினேன். ரேஸ் அன்று, தொடங்குவதற்கு முன் எரியும் ஐந்து சிவப்பு விளக்கும் எரிந்தது, அதோடு படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் திரும்ப வந்தபோது, விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் விடும் சேஃப்டி கார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கார்கள் ரேஸிலேயே இல்லை. கஸ்டமர் கேரில் "உங்க இன்டர்நெட் ஸ்லோ, பாஸுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். இதே போல் முன்பும் நடந்திருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், பெரம்பூர்

ஒரு ரேஸில் பார்த்தே ஆக வேண்டிய இடம் அந்த முதல் சில நொடிகள்தான். அது போன பிறகு ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது பதிலே இல்லை. நேரலைக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள்.

"ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரு நிறுவனம் தன் விதிமுறையில் எழுதிக்கொள்வதால் மட்டும் விஷயம் முடிந்துவிடாது. விற்ற சேவையைச் சொன்னபடி தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அது சேவைக் குறைபாடு. ஆனால் கோளாறு அவர்கள் பக்கம்தான் என்று காட்ட வேண்டிய வேலை உங்களுடையது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மறுநாள் கோபமாக மெயில் போடுவார்கள், கையில் ஆதாரம் ஒன்றும் இருக்காது.

அடுத்த முறை படம் நின்ற அந்த நிமிடத்திலேயே இன்னொரு போனில் டிவி திரையை வீடியோ எடுங்கள். சுவர்க்கடிகாரமோ போனில் மணியோ அதில் தெரியட்டும். அதே வைஃபையில் வேறொரு ஆப்பைத் திறந்து ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பார்த்து அதையும் பதிவு செய்யுங்கள். ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் வையுங்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே ரேஸைத் திறங்கள். இரண்டிலும் நின்றால் ஆப் பக்கம்தான் கோளாறு. மொபைல் டேட்டாவில் தடையில்லாமல் ஓடினால், நேர்மையாகச் சொல்கிறேன், ஆப்காரர்களை விட்டுவிட்டு பிராட்பேண்ட்காரர்களைப் பிடியுங்கள்.

பாஸ் வாங்கிய பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதும் முக்கியம். "எல்லா ரேஸும் நேரலை" என்றா, "தேர்ந்தெடுத்தவை" என்றா? பயிற்சி ஓட்டம், யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவாகும் குவாலிஃபையிங், ஸ்பிரிண்ட் என்ற குட்டி ரேஸ் எல்லாம் சேர்த்தா? எத்தனை திரையில் பார்க்கலாம், டிவியில் ஓடுமா, போனில் மட்டுமா? அந்தப் பக்கம் சீசன் நடுவிலேயே மாறிவிடலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள்.

பிறகு எழுத்தில் புகார். சாட்டில் பேசிய பேச்சு நிற்காது. ஆப்பிலோ அவர்கள் இணையதளத்திலோ குறைதீர் அலுவலரின் மெயில் முகவரி இருக்க வேண்டும், அதற்கு அனுப்புங்கள். மின்வணிக விதிகள் 2020-ன்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கடிதம் நீளமாக வேண்டாம்: எந்த ரேஸ், என்ன தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நின்றது, இணைத்துள்ள ஆதாரம், கேட்கும் தொகை. தொகையை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். சீசனில் 24 ரேஸ் என்றால் பாஸ் விலையை 24-ஆல் வகுத்து, பாதிக்கப்பட்ட ரேஸ்களால் பெருக்குங்கள். கணக்கோடு வரும் புகாரைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்குச் சிரமம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது நீதிமன்றம் அல்ல, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும் ஏற்பாடு. அங்கும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் இடம் போதும். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு ரேஸ் போனதற்காக ஆணையம் வரை போகலாமா என்றால், 1915-ஓடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. உங்களுக்கோ திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. தெரிந்தவர்களுக்கும் இதே கதி என்றால், ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே புகாராகத் தரச் சட்டத்தில் இடம் உண்டு. ரசிகர்கள் இந்த வழியைப் பயன்படுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தனியாளாகக் கேட்கும்போது "உங்க இன்டர்நெட்" என்று சொல்லிவிடலாம். பெரம்பூரிலும் போரூரிலும் பள்ளிக்கரணையிலும் ஒரே நிமிடத்தில் நின்றது என்றால் அந்தப் பேச்சு எடுபடாது.

தனி ரேஸ் பாஸ் விற்றால் முதல் சில ரேஸ்களுக்கு அதையே வாங்குங்கள். ஒழுங்காக ஓடினால் அப்புறம் முழு சீசனுக்குப் போகலாம்.

பின்னால் வந்த கார் முன்னால் போகும் அந்த நேரத்தில் கேமரா வேறெங்கோ இருக்கிறது. இல்லாவிட்டால் சரியாக அப்போது விளம்பரம் போடுகிறார்கள். யார் மேல் புகார் செய்வது?
வாசகி, வேளச்சேரி

இவை இரண்டு வேறு குறைகள், பொறுப்பும் இரண்டு வேறு ஆட்களுடையது. எந்தக் காரைக் காட்டுவது என்பதை இங்கே யாரும் தீர்மானிப்பதில்லை. ஃபார்முலா 1 நிறுவனமே படத்தைத் தயாரித்து உலகம் முழுக்க அனுப்புகிறது. இங்கிலாந்தில் பிகின் ஹில் என்ற இடத்தில் அதற்கான மையம் இருக்கிறது. உள்ளூர் நிறுவனம் அதை வாங்கிக் காட்டுகிறது, விளம்பரம் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

மொனாக்கோ ரேஸை மட்டும் நீண்ட காலம் அந்த ஊர்க்காரர்களே படம் பிடித்தார்கள். 2021-ல், டயர் மாற்றும் இடமான பிட்டிலிருந்து வெளியே வந்த ஓட்டுநர் வெட்டலும், இன்னொரு ஓட்டுநர் காஸ்லியும் மேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அப்படிப் பார்ப்பதே அபூர்வம். சரியாக அந்த நொடியில் படம் வேறொரு வளைவில் இருந்த ஸ்ட்ரோல் என்ற ஓட்டுநரின் காருக்குத் தாவியது. உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2023 முதல் அந்த ரேஸையும் ஃபார்முலா 1 நிறுவனமே எடுக்கிறது. இந்த வகைக் குறைக்கு இழப்பீடு கிடையாது, புகாரை அவர்களுக்கே நேராக அனுப்புங்கள்.

விளம்பரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இங்கேயே இருக்கிறார். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் இடைவெளி உண்டு. ரேஸில் இடைவெளியே கிடையாது. டயர் மாற்றுவது இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும், ரேஸின் முடிவே அதில் மாறிவிடும். அரை நிமிட விளம்பரத்துக்குள் அது காணாமல் போகிறது. டிவி சேனல் என்றால் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதிகளில் இருக்கிறது. மீறியதாகத் தோன்றினால் நேரத்தைக் குறித்து சேனலின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆப்புகளுக்கு இந்த வரம்பு கிடையாது. அங்கே உங்கள் திட்டத்தில் "விளம்பரம் இல்லை" என்று எழுதியிருந்ததா என்பதுதான் கேள்வி. எழுதிவிட்டுப் போட்டால் அது நேரடியாகச் சேவைக் குறைபாடு.

என் திரையில் கடைசி லேப் ஓடும்போதே வாட்ஸ்அப் குரூப்பில் ஜெயித்தது யார் என்று வந்துவிடுகிறது. நேரலை என்று சொல்லி ஏமாற்றுகிறார்களா?
வாசகர், திருவான்மியூர்

இல்லை. ஆப்பில் படம் சில நொடித் துண்டுகளாக வருகிறது. தடைபடாமல் ஓட வேண்டுமென்று சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் உங்கள் டிவி காட்டத் தொடங்கும். அதனால் அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கலாம். நடுவில் படம் நின்று மறுபடி ஓடினால் தாமதம் இன்னும் கூடும். ஆப்பில் "லைவ்" பட்டனை அழுத்தினால் கொஞ்சம் ஈடுகட்டும். ரேஸ் முடியும்வரை குரூப்பை மியூட்டில் போடுங்கள்.

சீசன் முடிந்ததும் ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் பணம் பிடித்துவிட்டார்கள். எப்படி?
வாசகி, தாம்பரம்

ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. வாங்கும்போது, பணம் தானாகவே பிடிக்கப்படும் ஆட்டோபேக்கு ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் பணம் கட்டிய யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மாண்டேட் என்ற பகுதியைத் திறந்தால் பட்டியல் தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கியின் தளத்தில் செய்யலாம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ், மெயில் இரண்டையும் தேடிப் பாருங்கள். வரவே இல்லை என்றால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சேர்வதற்கு ஒரே பட்டன், விலகுவதற்கு எங்கே என்றே தெரியாதபடி ஆப்பை அமைத்திருந்தால் அதுவும் விதிமீறல்தான். சந்தாப் பொறி என்று 2023-ல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலில் இதைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். 1915-ல் புகார் சொல்லும்போது அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹாலில் பெரிய திரை இருக்கிறது. சிங்கப்பூர் ரேஸ் நம் நேரப்படி மாலை 5.30-க்குத் தொடங்கும் என்பதால் எல்லோரும் சேர்ந்து பார்க்கத் திட்டம். என் பாஸில் போட்டு, டீ, ஸ்நாக்ஸ் செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வசூலிக்கலாமா?
வாசகர், அண்ணா நகர்

வீட்டு ஹாலில் நண்பர்களை உட்கார வைத்துப் பார்ப்பதில் பிரச்சினை இல்லை. கிளப் ஹாலில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு காட்டுவது வேறு. பணம் வாங்கி மற்றவர்களுக்கு ஒளிபரப்பைக் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது. பாஸின் நிபந்தனையிலும் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் இருக்கும்; மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள், சீசனின் மீதிப் பணமும் போய்விடும். அந்த நிலையில் புகார் செய்தாலும் உங்கள் பக்கம் நியாயம் நிற்காது.

கூடிப் பார்க்கும் ஆசையை விட வேண்டாம். ஆப் நிறுவனத்துக்கு, எத்தனை பேர், எந்த இடம், எந்த ரேஸ் என்று எழுதி, பொது இடத்தில் காட்ட அனுமதி தருவார்களா, என்ன கட்டணம் என்று கேளுங்கள். பதில் மெயிலில் வரட்டும். அதுவரை நோட்டீஸ் போர்டில் எதையும் ஒட்டாதீர்கள்.