நான்கு வருஷம் என்னதான் சொல்லிக் கொடுப்பீர்கள், டீச்சர்?

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்கான மேற்படிப்புகளைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, கணினியியலை இரண்டே வரியில் கடந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் 24 வருஷமாக நான் நடத்தும் பாடமே அதுதான். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகன் அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டாலும் சரிசெய்து கொடுப்பான். கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறான். ரிப்பேர் தெரிந்தவனுக்கு அங்கே நான்கு வருஷம் என்னதான் சொல்லிக் கொடுப்பீர்கள், டீச்சர்?
– ஒரு தாய், பிறை

அம்மா, அந்தக் கைவேலையை அவன் விட்டுவிட வேண்டாம். ஆனால் இந்தப் படிப்பில் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் நாள் அநேகமாக வராது. அதைத் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. தெரியாமல் வருகிற பிள்ளை முதல் வருஷக் கடைசியில் "நான் நினைச்சது இது இல்லை டீச்சர்" என்று கண்கலங்கி என் அறை வாசலில் வந்து நிற்கிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரையாவது அப்படிப் பார்க்கிறேன்.

முதல் வருஷம் நிரல் (புரோகிராம்) எழுதப் பழகுவார்கள். பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் என்று கல்லூரிக்குக் கல்லூரி மொழி மாறும். எந்த மொழி என்பது பெரிய விஷயமே இல்லை. கூடவே கணிதம். இரண்டாம் வருஷம்தான் கனமானது: தரவுக் கட்டமைப்பு (தகவலை அடுக்கி வைக்கும் விதம்), அல்காரிதம் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை), கணினியின் உள்ளமைப்பு, இயங்குதளம் (விண்டோஸ் போன்றது), தரவுத்தளம் (தகவலைச் சேமித்துத் தேடும் இடம்), நெட்வொர்க். அதன் பிறகு மென்பொருள் பொறியியல், செயற்கை நுண்ணறிவு (ஏஐ), சில விருப்பப் பாடங்கள், சில மாதத் தொழிற்பயிற்சி, இறுதியாண்டு புராஜெக்ட்.

இந்தப் பட்டியல் எல்லாக் கல்லூரி விளம்பரத்திலும் இருக்கும். அதற்குள் நடப்பது என்னவென்று சொல்கிறேன். தரவுக் கட்டமைப்பின் முதல் வகுப்பில் நான் கணினியைத் திறப்பதே இல்லை. 1 முதல் 1,000 வரை ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொண்டு, ஒரு மாணவரை எழுப்பிக் கண்டுபிடிக்கச் சொல்வேன். "500ஐவிடப் பெரியதா?" "இல்லை." "250ஐவிட?" இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால் பத்துக் கேள்விக்குள் எண் பிடிபட்டுவிடும். சரி, ஒரு மில்லியன் வரை நினைத்திருந்தால்? வகுப்பில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஆயிரம், பத்தாயிரம் என்றெல்லாம் வரும். விடை 20. பில்லியன் வரை போனாலும் 30 கேள்விதான். பட்டியல் ஆயிரம் மடங்கு பெருத்தாலும் வேலை பத்துப் படிதான் கூடுகிறது என்பது புரியும் நிமிடத்தில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகவே இந்த வேலையில் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

ஆனால் இந்த வித்தை, பட்டியல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால்தான் பலிக்கும். அடுக்குவதற்கு என்ன செலவு? ஒரு மில்லியன் பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டு அடுக்கினால் சுமார் 500 பில்லியன் ஒப்பீடு. பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கி, மறுபடி சேர்க்கும் முறையில் சுமார் 20 மில்லியன் போதும். கணினி அதேதான், வேலையும் அதேதான். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கணினி வேண்டாம், பென்சிலும் தாளும் போதும். ஒரு வேலைக்கு என்ன செலவாகும், அது எங்கே உடையும் என்று செய்வதற்கு முன்பே கணக்குப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. உங்கள் மகனுக்கு இந்தக் கணக்கில் ஆசை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தைரியமாக அனுப்புங்கள். கழற்றி மாட்டுவதில்தான் சந்தோஷம் என்றால், எலக்ட்ரானிக்ஸ் அல்லது நெட்வொர்க் டிப்ளோமாவில் அவன் இன்னும் நன்றாக வருவான். அது எந்த வகையிலும் குறைந்த படிப்பு இல்லை.

கேள்வி: டிஸ்கிரீட் மேத்ஸ் என்ற கணினியியல் கணிதப் பாடத்தில் இரண்டாவது முறையாகத் தோற்றுவிட்டேன். ஆப் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு இந்த நிரூபணமெல்லாம் எதற்கு? வேறு படிப்புக்கு மாறிவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற மாணவர், சுங்கை ஆரா

தம்பி, அவசரப்பட்டு மாறாதீர்கள். என் முதல் தேர்வில் இதே பாடத்தில் நான் வாங்கியது 38. பிறகு என் பிழைப்பே இதுவாகிவிட்டது.

நீங்கள் காலையில் பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபெரி ஏறலாம், 1985இல் திறந்த முதல் பாலத்தில் போகலாம், தெற்கே இறங்கி 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தையும் பிடிக்கலாம். ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு புள்ளியாகவும், இரண்டு சந்திப்புக்கு இடையிலான சாலையை ஒரு கோடாகவும் வரைந்து, கோட்டின் மேல் எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதுங்கள். உங்களைத் தோற்கடித்த 'கிராஃப்' அதுதான். குறைந்த நேரத்தில் போய்ச் சேரும் வழியைக் கண்டுபிடிக்கும் முறையை நெதர்லாந்துக்காரர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து யோசித்தார், 1959இல் வெளியிட்டார். பேனா தாள்கூட அப்போது கையில் இல்லை, இருபது நிமிடத்தில் மனதிலேயே போட்டது என்று பிற்காலத்தில் சொன்னார். இன்று கைப்பேசியில் வழி காட்டும் செயலிகளுக்கு அடியில் இருப்பது அந்தச் சிந்தனையும் அதன் வழிவந்தவைகளும்தான். வழி குறுகியதுதான் என்று அந்தச் செயலி எப்படி நிச்சயமாகச் சொல்கிறது? யாரோ நிரூபித்து வைத்திருப்பதால்தான்.

நிரூபணத்தில் எல்லோரும் சறுக்குவது இண்டக்‌ஷனில். ஒரு கூற்று எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று நிரூபிக்கும் முறை அது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியிருப்பீர்கள். மலைக்கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டாம். இரண்டு விஷயம் உறுதியானால் போதும். ஒன்று, முதல் படியில் கால் வைக்க முடியும். இரண்டு, எந்தப் படியில் நின்றாலும் அதற்கு அடுத்த படிக்கு ஏற முடியும். அவ்வளவுதான், உச்சிக்குப் போய்விடலாம். இப்போது உங்கள் நிரலாக்கப் பாடத்தில் வந்த ரிகர்ஷனை நினைத்துப் பாருங்கள். தன்னையே அழைக்கும் நிரலுக்கும் இதே இரண்டுதான் வேண்டும்: எங்கே நிற்பது, ஒரு படி குறைத்துத் தன்னை எப்படி அழைப்பது. நிற்கும் இடத்தை எழுத மறந்தால் அது தன்னை அழைத்துக்கொண்டே போய், நினைவகம் தீர்ந்து விழும். இரண்டும் ஒரே பாடம். தனித்தனிக் கட்டடத்தில், தனித்தனி ஆசிரியர் நடத்துவதால் வேறு வேறு என்று தோன்றுகிறது. அதற்கு நீங்கள் காரணமில்லை, ஆசிரியர்களாகிய நாங்கள்தான் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும்.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். 1 முதல் n வரை கூட்டினால் n(n+1)/2 வரும் என்பதைத் தாளின் இடப்பக்கத்தில் நிரூபியுங்கள். வலப்பக்கத்தில் அதே கூட்டலை ரிகர்ஷனாக எழுதுங்கள். வரிக்கு வரி எது எதோடு பொருந்துகிறது என்று கோடு போடுங்கள். இப்படிப் பத்துக் கணக்கு. மனப்பாடம் மட்டும் வேண்டாம். மனப்பாடம் செய்துதான் நானும் 38 வாங்கினேன்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், இப்போது ஐந்தாம் படிவம். ஆங்கிலம் தடுமாறும். என்னால் சமாளிக்க முடியுமா? இந்தப் படிப்பில் தமிழுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா?
– மாணவி, நிபோங் திபால்

முடியும். ஆனால் ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொன்னால் அது பொய். பாட நூல்கள் ஆங்கிலத்தில்தான், நிரல் தவறினால் திரையில் வரும் செய்தியும் ஆங்கிலத்தில்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு முயெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு: திரையில் பிழைச் செய்தி வந்தால் உடனே மூடாதே, வாய்விட்டுப் படி, அதற்குக் கீழே உன் தமிழில் ஒரு வரி எழுது. ஒரு நோட்டுப் புத்தகம் நிறைவதற்குள் அந்தப் பயம் போய்விடும்.

தமிழுக்கு இடமா? கேளும்மா. பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்றே எழுத்து: த, மி, ழ். ஆனால் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக மொத்தம் 15 பைட். பெயர்ப் பட்டியலை அடுக்கினால் இன்னொரு சிக்கல். யூனிகோடு அட்டவணையில் னகரம் மகரத்துக்கு முன்னால் இருக்கிறது. அதனால் கணினி கனகாவை முதலில் போட்டு, கமலாவைப் பின்னால் தள்ளும். நம் நெடுங்கணக்கில் ன தான் கடைசி எழுத்து. கமலாதான் முதலில் வர வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஒன்றின் நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் செய்த என் மாணவி ஒருத்தி, இந்த வரிசையைச் சரிசெய்வதையே இறுதியாண்டு புராஜெக்டில் ஓர் அத்தியாயமாக எழுதினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் நம் வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்து அடுக்கினாள். அகரவரிசையைத் தமிழ்ப்பள்ளியில் ராகத்தோடு சொல்லிப் படித்தவளுக்குக் கணினியின் வரிசை தவறு என்று உடனே கண்ணில் பட்டது. மற்றவர்களுக்குப் படவே இல்லை. நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன்தான் கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சலும், கைப்பேசியில் எழுத உதவும் செல்லினமும் உருவாக்கியவர். இந்தத் துறையில் தமிழுக்கு இன்னும் எவ்வளவோ வேலை பாக்கி இருக்கிறது. வாம்மா.

கேள்வி: எந்த லேப்டாப் வாங்குவது?
– தந்தை, ஜெலுத்தோங்

16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), நல்ல கீபோர்டு. முதல் இரண்டு வருஷத்துக்கு விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. மிச்சப் பணத்தைப் புத்தகத்துக்கு வையுங்கள்.

கேள்வி: இப்போது ஏஐ-யே நிரல் எழுதுகிறதே. மகளை இதில் சேர்த்தால் பணம் வீண்தானா?
– தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

ஐயா, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மாணவர் ஒருவர், ஒரு கோயில் மண்டபத்துக்கு முன்பதிவுச் செயலி செய்து கொடுத்தார். நிரலைப் பெரும்பாலும் ஏஐ எழுதியது. அவர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து சோதித்தார், அருமையாக வேலை செய்தது. சில மாதம் கழித்து இரண்டு கல்யாணக் குடும்பங்களுக்கு ஒரே நாள் பதிவாகியிருந்தது. கோயில் கமிட்டியில் இருவர் இரண்டு கைப்பேசியில் ஒரே நேரத்தில் அந்தத் தேதியைப் பார்த்திருக்கிறார்கள். இருவருக்கும் 'காலி' என்று காட்டியது, இருவரும் பதிவு செய்தார்கள். பார்ப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் இருந்த அந்த ஒரு நொடிதான் காரணம்.

இதற்குத் தீர்வு ஒரே வரிதான்: மண்டபமும் தேதியும் சேர்ந்து இரண்டு முறை வரக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டால், இரண்டாவது பதிவை அது ஏற்காது. "ஒரே நேரத்தில் இருவர் பதிந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தால் ஏஐ-யும் இதே பதிலைத் தந்திருக்கும், பிறகு கேட்டுப் பார்த்தோம், தந்தது. ஆனால் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. இயங்குதளப் பாடத்திலும் தரவுத்தளப் பாடத்திலும் வாரக்கணக்கில் நாங்கள் நடத்துவது அந்தக் கேள்வியைத்தான். அந்த மாணவர் இரண்டிலும் தேறியவர். ஆனால் படித்ததைச் செயலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் அந்த மண்டபம்தான் முதல் உதாரணம்.

பணம் வீணாகாது. வெறும் நிரல் எழுத மட்டும் தெரிந்தவருக்கு இனி கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். எழுதிக் கொடுத்த நிரலை வாசித்து, இது எங்கே உடையும் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள, உங்கள் மகள் முதல் வருஷமாவது ஏஐ உதவி இல்லாமல் தானே எழுதித் தானே தவற வேண்டும். அதை மட்டும் அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.
– ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

1972இல் கணினிச் சில்லு (சிப்) செய்யும் இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்தது. அடுத்தடுத்து மற்ற நிறுவனங்களும் வந்தன. அந்த ஆலைகளில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லில் இணைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. ஷிஃப்ட் முடிந்து கண் சிவக்க வீட்டுக்கு வருவார். பல்கலைக்கழகத்தில் கணினி உள்ளமைப்புப் பாடத்தில் முதன்முதலாக ஒரு சில்லின் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், இது கூட்டல் போடும் பகுதி, இது நினைவகம் என்று அம்மாவுக்குக் காட்டினேன். ஒன்பது வருஷம் தன் கையால் தொட்ட பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று அன்றுதான் ஒருவர் அவருக்குச் சொன்னார். உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியார் கல்லூரியை எப்படி நம்புவது?
– பல வாசகர்கள்

உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்கியூஏ-யின் தகுதிப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு விட்டுவிடாமல், நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரையே அதில் தேடுங்கள். அங்கீகாரம் முழுமையானதா, தற்காலிகமானதா என்று பாருங்கள். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன்னுக்கும் இது முக்கியம். எஸ்பிஎம்மில் கூடுதல் கணிதம் கேட்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அப்புறம் நேரில் போய், இரண்டாம் வருஷக் கால அட்டவணையையும், போன வருஷ இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் பதிவுக் கட்டணம் கட்டாதீர்கள்.