மொட்டைமாடியில் மஞ்சள் சொட்டு: யாரிடமும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்புகளை ஒட்டி எங்கள் வீடு. போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து சாயங்கால நேரத்தில், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாதபோது, மஞ்சளாக ஏதோ சொட்டுச் சொட்டாக விழுந்தது. காயப்போட்ட வேட்டி, பைக் சீட், தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றிலும் கடுகு அளவுக்கும் மிளகு அளவுக்கும் புள்ளிகள். கேரளாவில் சிவப்பு மழை பெய்ததே, அது மாதிரி என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். என் கணவருக்குத் தெரிந்தவர் மூலம் வந்த ஒரு ஆள், "இது விண்கல் தூசி, இரிடியம் கலந்திருக்கும், சுரண்டி எடுத்து பத்திரமாக வையுங்கள், 18,000 ரூபாய் கொடுத்தால் டெஸ்ட் செய்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்கிறார். தொட்டித் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? அந்த ஆளிடம் பணம் கட்டலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. கட்டாதீர்கள். 18,000 இல்லை, 18 ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தண்ணீரைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அதிலும் பயப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் வேட்டியில் இருப்பது தேனீ எச்சம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். நம் ஊரில் மலைத்தேனீ, பெருந்தேனீ என்று சொல்வோமே, ஆலமரக் கிளையிலும் பாறையிலும் மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் முறம் மாதிரி ஒற்றை அடை கட்டித் தொங்குமே, அதுதான். அது அடையில் அசிங்கம் பண்ணாது. கூட்டமாகக் கிளம்பி, உயரமாகப் பறந்து, சில நிமிடங்களில் எல்லாம் சேர்ந்து கழித்துவிட்டுத் திரும்பிவிடும். நாம் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அவ்வளவு உயரம். அதனால்தான் வெறும் வானத்திலிருந்து விழுவது போலத் தோன்றுகிறது. மஞ்சள் நிறம் அது தின்ற மகரந்தத்தின் நிறம். மா பூக்கிற பருவம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், பெர்லினில் நின்றுகொண்டு, லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் கொடுத்த பூஞ்சை விஷத்தை வானத்திலிருந்து தூவுகிறார்கள் என்று உலகத்துக்கே அறிவித்தார். 'மஞ்சள் மழை' என்ற பெயர் அப்போது பிரபலமானதுதான். அங்கிருந்த மக்கள் போரில் பட்ட அவதி நிஜம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாட்சி என்று காட்டிய இலைகளில் இருந்த மஞ்சள் புள்ளிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது முழுக்க மகரந்தம். அதுவும் வெறும் கூடு, உள்ளே இருந்த சத்து செரித்துப் போயிருந்தது. காற்றில் பறந்து வருகிற மகரந்தம் அப்படி இருக்காது. தேனீயின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் ஓடு மட்டும் மிஞ்சும். ஹார்வர்ட் பல்கலைக்கழக உயிரியல் விஞ்ஞானி மாத்யூ மெசல்சனும் தேனீ ஆராய்ச்சியாளர் தாமஸ் சீலியும் 1984இல் தாய்லாந்துக்கே போய், மலைத்தேனீ கட்டிய மரங்களைத் தேடித்தேடிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் அந்த 'மழை' அவர்கள் மேலேயே பெய்தது, மேலே பறந்த தேனீக்கள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ஒரு வல்லரசே தேனீ எச்சத்தைப் பார்த்துப் பதறியிருக்கிறது, உங்கள் தெருக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2002இல் மேற்கு வங்கத்தில் சங்கிராம்பூர் என்ற ஊரில் பச்சையும் மஞ்சளுமாக விழுந்தபோதும் ரசாயனத் தாக்குதல் என்று பீதி கிளம்பியது. பரிசோதித்தபோது மா, தென்னை மகரந்தம் கலந்த தேனீ எச்சம்தான்.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். காய்ந்த சொட்டைப் பாருங்கள்: வட்டமாகவோ கொஞ்சம் நீண்டோ இருக்கும், அரைத்த கடுகு காய்ந்த மாதிரி, நகத்தால் தொட்டால் மாவாக உதிரும். ஊர் முழுக்க விழுந்திருக்காது, ஒரு பட்டையாக, நாலு வீடு, ஒரு தோப்பு என்றுதான் இருக்கும். அப்புறம் சுற்றிலும் உள்ள பெரிய மரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பாருங்கள், அடை தென்படும். தென்பட்டால் கிட்டே போகாதீர்கள், புகை போடாதீர்கள், "ஐநூறு கொடுங்கள் அண்ணே, அழித்துத் தருகிறேன்" என்று வருகிறவரையும் அடைக்குக் கிட்டே போக விடாதீர்கள். பூ முடிந்தால் அதுவே போய்விடும். பள்ளிக்கூட வாசல் மாதிரி ஆபத்தான இடத்தில் இருந்தால் மட்டும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மனசு கேட்கவில்லை, யாராவது படித்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு வெள்ளைக் காகிதத்தில் நாலு சொட்டைச் சுரண்டி, மடித்து, பக்கத்தில் உள்ள ஏதாவது கல்லூரியில் தாவரவியல் துறைக்கு எடுத்துப் போங்கள். உங்கள் பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. மகரந்தம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆசிரியர், ஒரு சாதாரண மைக்ராஸ்கோப், பத்து நிமிடம் போதும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டு போகாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நான் முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் உட்கார்ந்தவன். ஒருமுறை ஒரு விவசாயி தயிர் டப்பாவில் இதே மஞ்சளைக் கொண்டு வந்தார். படிவத்தில் நிறம், கலங்கல், குளோரைடு, நைட்ரேட் என்று கட்டம் கட்டமாக இருக்கும், 'மேலேயிருந்து விழுந்தது' என்று ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத பொருளை எந்த அலுவலகமும் வாங்காது. இங்கே இல்லை அங்கே, அங்கே இல்லை மேலிடம் என்று மூன்று மேசை சுற்றி டப்பா ஒருவழியாகத் திறக்கப்பட்டபோது உள்ளே பச்சைப் பூஞ்சை. "பூஞ்சை காணப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதினது பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய், வானத்திலிருந்து பூஞ்சை மழை பெய்தது என்று ஊரையே கலக்கிவிட்டார். மைக்ராஸ்கோப்பில் ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் விஷயம். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

சரி, இரிடியக்காரருக்கு வருகிறேன். இவர்கள் எங்கே என்ன விழுந்தாலும் வருவார்கள். இடி விழுந்த செம்புக் கலயத்தில் இரிடியம் இருக்கும், அது அரிசியை இழுக்கும், ரைஸ் புல்லிங் என்று ஒரு கதை பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாசா வாங்கும், இஸ்ரோ வாங்கும், கோடிக்கணக்கில் விலை. ஆனால் அதற்கு முன் டெஸ்ட் கட்டணம், பிறகு கதிர்வீச்சு உடைக்குக் கட்டணம், பிறகு விஞ்ஞானி விமானத்தில் வருவதற்குக் கட்டணம். 2018இல் தில்லியில் போலீஸ் ஒரு அப்பாவையும் மகனையும் பிடித்தது, நாசாவுக்கு விற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு வியாபாரியிடம் ஒரு கோடிக்கு மேல் கறந்திருந்தார்கள். படித்த வியாபாரி அவர். முதல் தொகை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், அதைக் கட்டிவிட்டால், போட்ட பணத்தை மீட்க அடுத்ததைக் கட்டுவோம். அதுதான் தூண்டில்.

இரிடியம் என்பது உண்மையான உலோகம், விண்கற்களில் இருப்பதும் உண்மை. இந்த ஒரு துளி உண்மையை வைத்துத்தான் மொத்த வியாபாரமும். ஆனால் எவ்வளவு இருக்கும் தெரியுமா? சாதாரணக் கல் ரக விண்கல் ஒன்றை ஒரு டன் அரைத்தால் அரை கிராம் அளவில் வரும். நீங்கள் மாடியில் சுரண்டியது ஒரு ஸ்பூன் இருக்குமா? அதிலும் அது விண்கல்லே இல்லை. அரசு ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் புரோக்கர் வைத்து வீடு வீடாகப் பொருள் வாங்குவதில்லை. உங்கள் கணவரின் நண்பர் நல்லவராக இருக்கலாம், அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். அந்த ஆள் திரும்ப வந்தால், "டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் வருகிற கோடியில் உங்கள் 18,000ஐக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், ஆள் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். ஏற்கெனவே ஏதாவது ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் அடியுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

கேரளா சிவப்பு மழையை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்திருக்கிறார். அது வேறு. 2001 ஜூலை 25 முதல் செப்டம்பர் வரை கோட்டயம், இடுக்கிப் பக்கம் விட்டுவிட்டுப் பெய்தது நிஜமான மழை, தண்ணீரே சிவப்பு. உங்களுக்கு மழையே பெய்யவில்லையே! அங்கே நடந்த குளறுபடியை மட்டும் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் இருந்த புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில், வானத்தில் எரிகல் வெடித்துத் தூசி கலந்திருக்கலாம் என்றது. பிறகு தண்ணீரில் இருப்பது உயிருள்ள வித்து மாதிரி இருக்கிறதே என்று பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆட்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதை வளர்த்துப் பார்த்தால் டிரென்டிபோலியா என்ற பாசி, அந்த வட்டாரத்து மரங்களிலும் கற்களிலும் அப்பிக் கிடக்கிற அதே பாசி. நவம்பரில் அறிக்கை வந்துவிட்டது. ஆனால் எரிகல் என்று சொன்னது ஊர் முழுக்கப் போனது, பாசி என்று திருத்தியது போகவே இல்லை. 2006இல் கோட்டயத்துப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இரண்டு பேர் அது வேற்றுலக உயிராக இருக்கலாம் என்று கட்டுரை போட்டதும் கேட்கவே வேண்டாம், உலகம் பூராவும் செய்தி. பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த ஆள் 'விண்கல்' என்ற வார்த்தையை எங்கே பொறுக்கினார் என்று இப்போது புரிகிறதா?

வானத்திலிருந்து விழுவதில் நான் நிஜமாகவே பயப்படச் சொல்வது ஒன்றே ஒன்று, அதை நீங்கள் கேட்கவில்லை, உங்கள் ஊருக்கு அது அநேகமாக வரவும் வராது, இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. ஐஸ்கட்டி. ஆலங்கட்டி இல்லை, ஒற்றையாக, பெரிய கட்டியாக, பெரும்பாலும் நீலச் சாயலில். அது விமானக் கழிவறைக் கழிவு. கழிவறைக்கு நீல நிற மருந்துத் திரவம் ஊற்றுவார்கள், தொட்டியில் சேரும், தரையிறங்கிய பிறகு வண்டி வந்து உறிஞ்சி எடுக்கும். விமானி பொத்தானை அமுக்கித் திறந்துவிடுகிறார் என்பது கதை, அப்படி ஒரு பொத்தானே கிடையாது. வெளி வால்வு கசிந்தால் அந்த உயரத்துக் குளிரில் உறைந்து விமானத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், கீழே இறங்க இறங்கக் காற்றின் சூட்டில் பிய்த்துக்கொண்டு விழும். 2018 ஜனவரியில் குருகிராமுக்குப் பக்கத்தில் பாசில்பூர் பாத்லி என்ற கிராமத்து வயலில் பத்துக் கிலோவுக்கு மேல் ஒரு கட்டி விழுந்தது. ஜனங்கள் வானத்து அதிசயம் என்று உடைத்து எடுத்துப்போய் பிரிட்ஜில் வைத்தார்கள். பிரிட்ஜில்! பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்! 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தரையிறங்கும்போது கழிவைச் சிந்தும் விமானங்களுக்கு 50,000 ரூபாய் அபராதம் என்று சொல்லியிருக்கிறது. சொல்லி என்ன செய்ய, கட்டி உருகிய பிறகு அது எந்த விமானத்துடையது என்று வயல்காரர் நிரூபிக்க வேண்டுமாம். அதனால் அப்படி ஒன்று எங்கே விழுந்தாலும் கையால் தொடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், நேரம் குறித்து, படம் எடுத்து, போலீஸுக்குச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் தண்ணீர். தொட்டி மூடி சரியாக மூடியிருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம், மூடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். மூடி திறந்து கிடந்து உள்ளே விழுந்திருந்தால் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு விட்டுவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது கிட்டத்தட்ட அரை டீஸ்பூன் நல்ல பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். குழந்தைகளுக்கு எப்போதும் போல காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். மழைநீர்க் குழாய் தொட்டிக்குள் போகிறது என்றால், மாடியைக் கழுவும் வரை அதைக் கழற்றி வெளியே திருப்பி வையுங்கள். மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம்தான், உப்பும் கிருமியும் பார்த்துச் சொல்வார்கள், ஆனால் தேனீயைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இருக்காது.

மாடியைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் அந்தத் தூள் ஆகாது. தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். பைக் சீட்டைச் சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். வேட்டியைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சோப்பு போட்டு, நல்ல வெயிலில் போடுங்கள், மிச்சக் கறையை இரண்டு வெயில் பார்த்துக்கொள்ளும். பூ முடிகிற வரைக்கும் மட்டும் சாயங்காலத்துக்கு முன்னாலேயே கொடியிலிருந்து எடுத்துவிடுங்கள்.