தங்கக் கொட்டாங்குச்சி, கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். வெள்ளிக்கிழமை தவறாமல் சேர்ந்து படம் பார்க்கிறவர்கள். சென்ற வருடம் பார்த்ததில் பாதிக்கு மேல் தலைவலி. டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஒவ்வொரு தடவையும் பர்ஸ் காலி. டீக்கடையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ரஸ்ஸி விருது கொடுக்கிற மாதிரி நாமும் வருடத்தின் மோசமான படத்துக்கு ஒரு விருது கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கொட்டாங்குச்சிக்குத் தங்க கலரில் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதாகத் திட்டம். எங்களில் ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நூறு பேர் ராப்பகலாக உழைத்ததைக் கேலி செய்வது வக்கிரம் என்கிறான். ஏழு படங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். நீங்கள் நடுவராக இருக்க முடியுமா?

செ., திண்டுக்கல்

*

அன்புள்ள செ.,

பட்டியலைப் பார்த்தேன். அதைக் கடைசியில் பேசலாம். படங்களின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் மற்றதை யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் நண்பருக்கு. ஹோட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால், மாஸ்டர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வைத்ததாயிற்றே என்று யாரும் குடித்துவிட்டு வருவதில்லை. உழைப்புக்குச் சம்பளம் கொடுக்கலாம், மரியாதை கொடுக்கலாம். காசு கொடுத்தவன் முகம் சுளிப்பதைத் தடுக்க முடியாது. ஆனாலும் அவர் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

ரஸ்ஸி பிறந்த கதையும் உங்கள் டீக்கடைக் கதைதான். ஜான் வில்சன் என்று ஒருவர், ஹாலிவுட்டில் சினிமா விளம்பர வேலை பார்த்தவர். 99 சென்ட் டிக்கெட்டில் அடுத்தடுத்து இரண்டு படம் பார்த்தார்: 'கான்ட் ஸ்டாப் த மியூசிக்', 'ஸனாடு'. இரண்டும் 1980இல் வந்தவை. வெளியே வந்து காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். தியேட்டரில் தரவில்லை. வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிற வழியில், அந்த வருடம் தன்னை ஏமாற்றிய படங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

ஆஸ்கார் இரவன்று நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லி விருந்து வைப்பது அவர் வழக்கம். 1981இல் அந்த இரவு மார்ச் 31. (முந்தின நாளே நடந்திருக்க வேண்டியது. அன்றைக்கு அதிபர் ரீகனைச் சுட்டுவிட்டதால் ஒரு நாள் தள்ளிப்போனது.) வில்சன் வீட்டு வரவேற்பறையில் அட்டையில் செய்த மேடை, துடைப்பக்கட்டை நுனியில் ஸ்பாஞ்சுப் பந்தைச் செருகிய மைக். வந்தவர்கள் ஒரு முப்பது, நாற்பது பேர். அந்த 99 சென்ட் படங்களில் ஒன்றான 'கான்ட் ஸ்டாப் த மியூசிக்'குக்குத்தான் முதல் விருது.

ரஸ்ஸி என்பது 'கோல்டன் ராஸ்பெர்ரி' என்ற முழுப் பெயரின் செல்லச் சுருக்கம். ராஸ்பெர்ரி என்பது வெறும் பழத்தின் பெயர் இல்லை. நாக்கை வெளியே நீட்டி, உதட்டோடு சேர்த்து ப்ர்ர்ர் என்று ஊதிப் பழிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். பல் முளைக்காத குழந்தை அப்படி எச்சில் தெறிக்க ஊதினால், மழை வரப்போகிறது என்று என் பாட்டி கொடியில் துணியை எடுக்கப் போவாள். கோப்பையும் அந்தத் தரத்தில்தான் இருக்கும். சூப்பர் 8 பிலிம் சுருள்மேல் கோல்ஃப் பந்து அளவுக்கு ஒரு ராஸ்பெர்ரி, அதன்மேல் தங்க ஸ்ப்ரே. மதிப்பு 4 டாலர் 97 சென்ட் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் கொட்டாங்குச்சி இன்னும் மலிவு. இந்தியாவிலும் நீங்கள் முதல் ஆள் இல்லை, மன்னிக்கவும். இந்திப் படங்களுக்கு 2009இல் டெல்லியில் 'கோல்டன் கேலா' என்று தொடங்கினார்கள். கேலா என்றால் வாழைப்பழம்.

சரி, நமக்கு இந்த வித்தை புதிதா? தொண்டைமான் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டியபோது ஔவை பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. உன் வேல்களெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று படித்து மார்க் வாங்கியிருப்பீர்கள். நான் அதில் கவனிப்பது வேறு. அவள் கேலி செய்தது ஒரு அரசனை, அதுவும் நேருக்கு நேர். முக்கியமாக, ஆயுதசாலையை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

ரஸ்ஸி சறுக்கியதெல்லாம் இந்த விஷயத்தில்தான். நாற்பது டாலர் கட்டினால் நீங்கள்கூட அங்கே உறுப்பினராகி ஓட்டுப் போடலாம். படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2010இல் சாண்ட்ரா புல்லக்குக்கு 'ஆல் அபவுட் ஸ்டீவ்' படத்துக்காக விருது அறிவித்தார்கள். அவர் நேரிலேயே வந்துவிட்டார். சும்மா வரவில்லை, ஒரு சின்ன வண்டி நிறைய அந்தப் படத்தின் டிவிடிகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஆளுக்கொன்று எடுத்துப் போய் ஒழுங்காகப் பாருங்கள், பார்த்த பிறகு மனசு மாறினால் அடுத்த வருடம் வந்து இதைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். எத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்போல. மறுநாள் 'த பிளைண்ட் சைட்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால் 'கேட்வுமன்' படத்துக்காக ஹாலி பெர்ரி ஒரு கையில் தன் ஆஸ்கார் சிலையோடு மேடையேறினார். ஆஸ்கார் வாங்கியபோது தான் விம்மி அழுததையே நடித்துக் காட்டி, இப்படி ஒரு குப்பையில் தன்னைப் போட்டதற்காகப் படக் கம்பெனிக்கு நன்றி சொன்னார். வசவில் இன்னும் காரம் உண்டு, நான் நாசூக்காக எழுதுகிறேன். இப்படி வந்து வாங்கிக்கொள்கிறவர்களால்தான் இந்த விருதுக்கே கொஞ்சம் களை.

வராதவர்கள் கதை வேறு. முதல் வருடப் பரிந்துரையிலேயே 'த ஷைனிங்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக்கின் பெயர் இருந்தது, மோசமான இயக்குநர் பட்டியலில்! இரண்டு வருடம் கழித்து 'த திங்' படத்தின் இசைக்காக எனியோ மோரிகோனே. இதையெல்லாம் நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. குப்ரிக் மாதிரி யானைமேல் ஒரு உருண்டை மண் விழுந்தால் யானைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே படத்துக்காக ஷெல்லி டுவாலையும் மோசமான நடிகை பட்டியலில் சேர்த்திருந்தார்கள். படப்பிடிப்பில் அந்தப் பெண்ணை குப்ரிக் படுத்திய பாடு பின்னால் ஊருக்கே தெரிந்தது. அந்தப் பரிந்துரையை அவர்கள் திரும்பப் பெற்றது 2022இல். நாற்பத்தொரு வருடம்.

அதே நாளில் இன்னொன்றையும் திரும்பப் பெற்றார்கள். புரூஸ் வில்லிஸ் 2021இல் நடித்துத் தள்ளிய எட்டுப் படங்களுக்கென்று தனிப் பிரிவே வைத்து, அதில் ஒன்றுக்கு விருதும் கொடுத்திருந்தார்கள். கொடுத்து நாலே நாளில், அவருக்கு மூளையில் பேச்சையும் சொல்லையும் பாதிக்கிற நோய் என்று குடும்பம் அறிவித்தது. சிரித்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அடுத்த வருடமே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை மோசமான நடிகை என்று பரிந்துரைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை என்ற விதி வந்தது. அந்த வருடத்து மோசமான நடிகை விருதை ரஸ்ஸிக்காரர்கள் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள். அது மட்டும் எனக்குப் பிடித்தது.

உங்கள் நண்பர் பயப்படுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். படத்தைத் திட்டப் போய் ஆளைத் திட்டிவிடுவது. நம் ஊரில் நடிகையின் உடம்பும், காமெடியனின் நிறமும் 'விமர்சனம்' என்ற பெயரில் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் உங்கள் விருதில் நடிகர், நடிகை பிரிவே வேண்டாம். படத்துக்கு மட்டும் கொடுங்கள். அதுவும் விளம்பரத்தில் ஊரையே அடைத்துக்கொண்டு வந்த படமாக இருக்கட்டும். மூன்று நாளில் தியேட்டரை விட்டு ஓடிய புதுமுகப் படத்தை விட்டுவிடுங்கள், கடன் கொடுத்தவர்கள் அதை ஏற்கெனவே கவனித்திருப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். போனில் வந்த டிக்கெட் என்றாலும் சரி.

இந்த நிபந்தனைக்கு உங்கள் நண்பர் சம்மதித்தால் நானும் தயார். ஆனால் நடுவராக இல்லை, ஓட்டுப் போடுகிறவனாக. உங்கள் ஏழு படங்களில் நான் பார்த்தது இரண்டு. ஒன்றைக் கடைசி வரை பார்த்தேன். இன்னொன்றில் இடைவேளைக்கு வெளியே வந்து, ஒரு காபி குடித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே எனக்கு ஒன்றரை ஓட்டு.

அன்புடன்.