நத்தத்தில் நின்ற கால்கள்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. தேவகோட்டையில் ஜவுளிக்கடை, காலையிலிருந்து இரவு வரை கல்லாவில்தான் இருப்பு. இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினேன். மூன்றாம் நாள் வழியில் நத்தம் ஊரில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து, பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். ஒரு வாரம் முன்பு வாங்கிய புது ஷூ, பருத்தி சாக்ஸ். “முருகனை முழுசா நம்பியிருந்தா கால் தானா நடந்திருக்கும்” என்கிறார் அப்பத்தா. மனபலம், உடல்பலம், ஆன்மபலம் மூன்றும் நம்பிக்கையால் வளரும் என்று நினைப்பவன் நான். என் நம்பிக்கையில்தான் குறையா?

– தேவகோட்டை வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. பழக்கப்படாத தோல், அவ்வளவுதான். ஒவ்வொரு அடியிலும் உள்ளே எலும்பு முன்னே நகர்கிறது. வியர்வையில் ஊறிய சாக்ஸ் மேல்தோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே தோலின் அடுக்கு பிரிந்து நீர் கோக்கிறது. பருத்தி ஈரத்தை விடாது என்பதால் அந்தப் பிடிப்பு இன்னும் அதிகம். குன்றக்குடியிலிருந்து பழனி 150 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு காலும் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை தரையில் பதியவேண்டும். கல்லாவிலிருந்து எழுந்துபோன கால் மூன்று நாள் தாங்கியதே பெரிய காரியம்.

அப்பத்தா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் தலைமுறை ஊருணிக்கும் சந்தைக்கும் நடந்தே போனது. கால் முன்னமே தயாராக இருந்ததால், யாத்திரையில் நம்பிக்கை மட்டும் வெளியே தெரிந்தது. நமக்கு அந்தக் காலைத் தயார்செய்யும் வேலை பாக்கி இருக்கிறது.

தைப்பூசத்துக்கு 16 வாரம் முன்பு, புரட்டாசியில் தொடங்குங்கள். வாரத்தில் ஐந்து நாள் 30 முதல் 40 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை நீள நடை: முதல் வாரம் 6 கிலோமீட்டர், பிறகு வாரத்துக்கு 2 கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காம் வாரமும் முந்தைய வாரத் தூரத்தில் பாதிக்குச் சற்று மேலே மட்டும் நடந்து, அடுத்த வாரம் குறைப்புக்கு முந்தைய தூரத்தோடு 2 கூட்டித் தொடரவேண்டும். இந்தக் குறைப்பைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். தசை சில வாரத்தில் பலம் பெற்றுவிடும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பெறும். தெம்பு வந்துவிட்டதென்று தூரத்தை ஏற்றினால் குதிகால் வலி, கணுக்கால் வலி, சில சமயம் எலும்பில் மயிரிழை விரிசல். பதினான்காம் வாரம் சனிக்கிழமை 24, மறுநாளே 16 நடக்கவேண்டும். யாத்திரையில் நீங்கள் நடக்கப்போவது முந்தைய நாள் களைத்த காலோடு; அந்தக் காலை ஒருமுறையாவது பழகியிருக்கவேண்டும். கடைசி இரண்டு வாரம் பாதித் தூரம் போதும்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி சுமார் 18 கிலோமீட்டர். ஒன்பதாம் வார ஞாயிறு அங்கே நடந்துபோய் பஸ்ஸில் திரும்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போகமுடியாத நாளில் வீட்டு உள்முற்றமான வளவைச் சுற்றி நடக்கலாம். ஆனால் அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது. அதில் வெறுங்காலோடு நடந்து பழகிய பாதம் தார் ரோட்டுக்குப் பழகாது. வெறுங்காலோடுதான் போவதாக வேண்டுதல் என்றால், மண்பாதையில் நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

வழியில் பாதம் ஓரிடத்தில் சுடுவதுபோல் தோன்றினால் அங்கேயே உட்காருங்கள். அது கொப்புளத்துக்கு முந்தைய எச்சரிக்கை. துடைத்து, உலரவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்திரி டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, சாக்ஸை மாற்றுங்கள். பருத்தியைவிட, நைலான் கலந்த மெல்லிய விளையாட்டு சாக்ஸ் நல்லது. சிறிய கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்கவே விடாவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு மூடுங்கள். அந்தத் தோல்தான் மருந்துக்கட்டு. உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் ஊசியைத் தொடவே கூடாது. வெறுங்கால் நடையும் வேண்டாம். மரத்துப்போன பாதம் முள்ளையும் சொல்லாது, சூட்டையும் சொல்லாது.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். தாகத்துக்குத் தக்கபடி உப்புப் போட்ட மோர், நீராகாரம் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இனி மனம். “என்னால் முடியாது” என்ற எண்ணம் பெரும்பாலும் வெயிலிலும் பசியிலும்தான் எழும். அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: நின்றுகொண்டு முடிவெடுப்பதில்லை. நிழலில் 20 நிமிடம் உட்கார்ந்து, இரண்டு வாழைப்பழமும் மோரும் உள்ளே போனபின் முடிவெடுங்கள். பழனியை நினைக்கவேண்டாம். அடுத்த அன்னதானப் பந்தல் வரை என்று நினைத்தால் போதும். ஆனால் ஒரே புள்ளியில் அடிக்கு அடி கூடுகிற வலி, நொண்ட வைக்கிற வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் இவை மனத்தின் சாக்கு இல்லை. அப்போது நிற்பதுதான் சரி. நத்தத்தில் நீங்கள் நின்றதும் சரியே.

ஆன்மபலம் பற்றி நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. சொன்ன சொல்லைக் காப்பாற்றும்போதெல்லாம் அது ஒரு சுற்று வளர்கிறது. அதனால் விரதத்தைச் சிறிதாக எடுங்கள். ஒரு மண்டலம், 48 நாள், விடிகாலை 20 நிமிடம் நடை, “அரோகரா” சொல்லிக்கொண்டே. மூச்சு வாங்காமல் அதைச் சொல்லமுடிகிற வேகம்தான் உங்கள் வேகம். தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாளிலும் காப்பாற்ற முடிகிற அளவே விரதத்துக்குச் சரியான அளவு. ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான 20 நிமிடத்தோடு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஷூவைப் புரட்டாசியிலேயே வாங்கிவிடுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், நடக்கப்போகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். கார்த்திகையில் 16 கிலோமீட்டரைத் தொட்டதும் பாதம் எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள்.